பொன் திரும்பும் நேரம்

மாட்டேன். இந்த ஒரு வார்த்தை போதும், இதற்கு முன்னாலும் பின்னாலும் எதுவும் வேண்டாம் என்று பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டே ஜெசிந்தா தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆனால் எங்கே நின்று சொல்வது, அடுப்படியிலா வாசல்படியிலா, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டா தூளியிலேயே தூங்க விட்டுவிட்டா என்று யோசிக்கப் போனதும் வார்த்தை பலாக்கொட்டைத் தோல் மாதிரி நகக்கண்ணில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மாட்டேன் அத்தை. கூடாது, அத்தை என்று சேர்த்தால் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும். வெறும் மாட்டேன். வெளியே ஆடி மழை, காலையிலிருந்து ஒரே சுருதியில், ஓட்டின் மேல் யாரோ அரிசி புடைப்பது மாதிரி. பக்கத்து வீட்டுச் செல்லாயி கல் இடிக்கிறாள், தொம், தொம். வெள்ளை வெளேரென்ற வெங்கச்சாங்கல்லை இரும்பு உரலில் போட்டு மாவாக்கி, மாவைத் தண்ணீரில் அலசி, அடியில் தங்கும் கறுப்பு மண்ணில் பாதரசம் ஊற்றிப் பிசைந்தால், பொன் எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். துணியில் வைத்துப் பிழிந்தால் வெள்ளையாக ஓர் உருண்டை. அந்த உருண்டைதான் இப்போது சாமிமாடத்தில், முருகன் படத்துக்குக் கீழே, சிரட்டைக்குள் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, சுண்டைக்காய் அளவில், ஒரு பாவமும் அறியாததுபோல. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் புருஷன் போஸ் இஞ்சிக்காட்டிலிருந்து வருவான். மாமியார் ராக்காயி கதவைச் சாத்துவாள். உருண்டையைக் கரண்டியில் வைத்துக் கரிநெருப்பின் மேல் பிடிப்பார்கள். பாதரசம் ஆவியாகப் பறந்து, வெள்ளை மஞ்சளாகத் திரும்புகிற அந்தக் கணத்தில் பிள்ளையின் முகத்தைக் கரண்டிக்கு நேராகக் குனியவைத்துக் காட்டுவாள் ராக்காயி. பருவத்தின் முதல் பொன் திரும்புவதைக் கண்ணால் பார்த்த பிள்ளையை மண் தொடாது, சரிந்து மூடாது. பொன்னுக்குக் கல் வெட்டுகிற குழிக்குள் இறங்கினாலும் தொடாது. பார்த்த பிறகுதான் பேர் சொல்லிக் கூப்பிடலாம். வெங்கச்சாமேட்டில் இதற்கு முகங்காட்டு என்று பெயர். தூளி ஆடாமல் தொங்கியது. உள்ளே பேர் இல்லாத பாப்பா; பேர் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் போஸ் அவள் காதில் சொன்னான், ஆனால் அதை அவள் மனசுக்குள்கூட இன்னும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. அவ்வளவு பயம். பயந்தவளுக்கு என்ன மாட்டேன் வேண்டிக்கிடக்கிறது.

பாதரசம் என்ற சொல்லை அவள் முதலில் கேட்டது கூடலூர் கான்வென்ட்டில், சிஸ்டர் பெனிட்டா கையிலிருந்து தெர்மாமீட்டர் நழுவிய அன்றைக்கு. சிஸ்டர் பெனிட்டா எதற்கும் அஞ்சாதவர், ஹாஸ்டல் தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி புகுந்தபோது விளக்குமாற்றோடு துரத்தியவர். அவர் அன்றைக்கு முகம் வெளிறி, "எல்லாரும் வெளியே, மூச்சு இழுக்காதீங்க, வெளியே" என்று கத்தினார். மூச்சு இழுக்காமல் எப்படி ஓடுவது என்று பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். மேஜைக்கு அடியில் குட்டிக் குட்டி வெள்ளை உருண்டைகள், விரட்டினால் ஓடி, ஒன்றோடொன்று முட்டி ஒன்றாகி, எவ்வளவு அழகு. ஜன்னல்களையெல்லாம் திறந்துபோட்டு அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். வாசனை இருக்கிற விஷம் கதவைத் தட்டிவிட்டு வரும், இது தட்டாது என்று சிஸ்டர் பிற்பாடு சொன்னார். ஒரு தெர்மாமீட்டர், ஒரு பொட்டு. இந்த வீட்டில் அது இருமல் மருந்து பாட்டிலில் இருக்கிறது, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில். கல்யாணமாகி வந்த புதிதில் என்னவோ என்று பாட்டிலைத் தூக்கியவள் அதன் கனத்தில் கை தாழ்ந்து, போட்டே விடப் பார்த்தாள். ராக்காயி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒங்கப்பன் குடுத்த சீதனத்தவிடக் கனம்டி, மெதுவா வையி." கான்வென்ட்டில் எதற்கெடுத்தாலும் எஸ் சிஸ்டர் சொல்லப் பழக்கினார்கள், எழுந்து நின்று, கையைக் கட்டி, எஸ் சிஸ்டர். அதே தொண்டைதான். பாட்டிலை மெதுவாக வைத்துவிட்டுச் சரி அத்தை என்றாள். சரி அத்தை, சரி அத்தை, இரண்டு ஆடி ஓடிவிட்டது சரி அத்தையிலேயே. தூளிக்குள் அசைவு. இல்லை, கனவு. எதைக் கனவு காணும், பாலையா? கரண்டி அங்கே சுவரில் மாட்டியிருக்கிறது, நீளக் காம்பு, அடி கறுத்து.

அந்தக் கரண்டியை அவளுக்குத் தெரியும். வயிற்றில் பிள்ளை நின்று ஐந்தாம் மாசமோ என்னவோ, ஆற்றோரம் துணி துவைத்துவிட்டு வந்து பார்த்தால் தாலிக்குண்டு வெளுத்திருந்தது. மஞ்சள் கயிற்றில் வெள்ளைக் குண்டு. தாலி வெளுத்தால் என்ன அர்த்தம் என்று சொல்லித் தரக் கான்வென்ட் வேண்டாம், எந்தப் பெண்ணுக்கும் தெரியும். போஸ் அன்றைக்குக் குழிக்குள் இறங்கியிருந்தான். ஓலமிட்டுக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். ராக்காயி அலட்டிக்கொள்ளவே இல்லை. "பாதரசம் பட்டுருக்கும் புள்ள, அலசுன சட்டியிலேயே துணிய நனச்சிருப்ப. களட்டு." கழற்றச் சொன்னாள், தாலியை. கயிற்றிலிருந்து குண்டை உருவி அதே கரண்டியில் போட்டு நெருப்பில் காட்டினாள். ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். வெள்ளை முதலில் மங்கியது, சாம்பல் ஆனது, சட்டென்று, யாரோ உள்ளேயிருந்து விளக்கு ஏற்றியதுபோல மஞ்சள் வந்தது. கடவுளே, எவ்வளவு அழகு. வாய் பிளந்து நின்றாள். வாய் பிளந்து. வயிற்றில் இவளை வைத்துக்கொண்டு. அன்றைக்கு உள்ளே இழுத்த மூச்சை இன்றைக்கு வரைக்கும் அவளால் வெளியே விட முடியவில்லை. அதனால்தான் பாப்பா தூங்கும்போது கை விரல்களையே பார்க்கிறாள். தூளித் துணியை விலக்கி, விரல் நடுங்குகிறதா, நடுங்குகிறதே, எல்லாப் பிள்ளைக்கும் தூக்கத்தில் விரல் துடிக்கும் என்று தடுப்பூசி போடுகிற நர்ஸ் சொன்னாளே, சொன்னாள்தான், அவள் வெங்கச்சாமேட்டுக்காரி இல்லையே. இப்போதும் எழுந்துபோய் விலக்கினாள். விரல்கள் மூடிய மொட்டு மாதிரி அசையாமல் இருந்தன. ஒன்று அசைந்தது. இல்லை. திரும்பவும் வந்து பலாக்கொட்டைமுன் உட்கார்ந்தாள்.

நடுக்கம் என்றால் இந்த ஊரில் சங்கிலிதான். சங்கிலியண்ணனைத் தெரியாமல் இந்த ஊரின் கதையே தெரியாது. கதை என்ன, எல்லாரும் வந்தவர்கள், எல்லாரும் ஏமாந்தவர்கள். முதலில் சீமையிலிருந்து கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், மலையைக் குடைந்தார்கள், பங்களா கட்டினார்கள், குதிரைப் பந்தயம்கூட விட்டார்களாம் இந்தச் சகதியில். போட்ட காசுக்குப் பொன் பெயராமல் காய்ச்சலில் பாதிப் பேரைப் புதைத்துவிட்டுப் போனார்கள். குடைந்த பொந்துகளில் வௌவால் குடியேறியது. அப்புறம் வெகுகாலம் கழித்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள், ராக்காயி, செல்லாயியின் அப்பன் ஆத்தாள், சங்கிலியின் அப்பன். தேயிலை வேலை என்றார்கள், வேலை கொஞ்சம் பேருக்குத்தான் கிடைத்தது. மிச்சப் பேர் இந்த மேட்டில் காட்டை வெட்டி இஞ்சி நட்டார்கள், வாழை வைத்தார்கள், வயலில் நெல் போட்டார்கள், இஞ்சிக்கு அழுகல் வந்த வருஷம் சோற்றுக்கு வழியில்லாமல் வௌவால் பொந்துக்குள் புகுந்து கல்லைப் பெயர்த்தார்கள். முதன்முதலில் பொன் திரும்பியது சங்கிலியின் அப்பன் வீட்டு அடுப்பில். கைப்பிள்ளை சங்கிலி அப்போது அம்மா மடியில் இருந்து எட்டிப் பார்த்தானாம். அந்தச் சங்கிலி வளர்ந்து குழிக்குள் இறங்கி, மேல்மண் சரிந்து, செத்தான் என்று பாடை கட்டிவிட்டார்கள், மறுநாள் மண்ணைப் பிளந்துகொண்டு இருமியபடி வந்து நின்றான். அவ்வளவுதான், வழக்கம் பிறந்துவிட்டது. ஆதி காலத்து வழக்கம் என்கிறாள் ராக்காயி. எந்த ஆதி? அந்த ஆதி இதோ அடுத்த தெருவில் பீடி குடித்துக்கொண்டிருக்கிறது. மண் தொடாத சங்கிலி. பல் ஒன்றும் மிச்சமில்லை, ஈறு நீலம் பாய்ந்து கிடக்கும், டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதிக் காப்பி சட்டையில். அதனாலேயே ஊரில் எந்த வீட்டிலும் அவருக்கு அரை டம்ளர்தான் ஊற்றுவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லாருக்கும் தெரியும், அரை டம்ளர். ஏன் நடுங்குகிறது என்று கேட்டால் குளிர் என்பார்கள். இந்த ஊரில் எல்லா நடுக்கமும் குளிர்.

போஸும் அதைத்தான் சொன்னான். காலையில் காப்பியை வாங்கும்போது டம்ளர் வட்டாவில் கடகடவென்று அடித்தது. அவள் பார்த்ததை அவன் பார்த்தான். "குளிரு ஜெசி." கூடலூர் பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்துவைத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வருவானே, அந்தக் கையா இது, மூட்டையைத் தூக்கி ஒரே வீச்சில் பஸ்மேல் போடுகிற கை. அவனிடம் சொல்லாமலில்லை. சொன்னாள், சிஸ்டர் பெனிட்டாவையும் திறந்த ஜன்னல்களையும் சொன்னாள். கேட்டுக்கொண்டான், கேட்பான், நல்லவன். "நானும் பாத்தவந்தான, எனக்கு என்ன ஆயிருச்சு?" என்றான் கடைசியில். அவள் அவன் கையைப் பார்த்தாள். அவன் கையை லுங்கிக்குள் வைத்துக்கொண்டான். "அம்மாவுக்கு அண்ணன நெனச்சுப் பயம் ஜெசி. ஒரு தடவ. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும்." அண்ணன் கதிரேசன். மண்டபம் அகதி முகாமில் பிறந்து, இந்த ஊருக்கு வரும்போதே நடக்கத் தெரிந்துவிட்ட பிள்ளை. அப்போது பொன்னும் இல்லை, முகங்காட்டும் இல்லை. மீசை முளைத்த வயசில், போஸ் பிறப்பதற்கு முன்பே, மண் சரிந்து குழி அவனை வைத்துக்கொண்டது. ராக்காயி இப்போதும் மழை வலுத்தால் எழுந்துபோய்க் கொல்லைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வருவாள், ஏன் என்று கேட்டால் நாய் என்பாள். இவர்கள் நாய் வளர்ப்பதில்லை. கெட்டவளாக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பிள்ளைக்குச் சளி என்றால் ராத்திரி முழுக்கத் தன் நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே தூங்குகிறவளிடம் எப்படிச் சொல்வது? பிள்ளைமேல் உயிரை வைத்திருக்கிறவள்தான் பிள்ளையை அந்த ஆவிக்கு நேராகக் குனியவைக்கப் போகிறாள். அவளுக்குப் பயம் மண். எனக்குப் பயம் காற்று. இரண்டு பயத்துக்கும் நடுவில் இந்தச் சின்ன மூக்கு. ஒருவேளை மண்ணும் நிஜம்தானோ? போன ஆடியில் செல்லாயியின் ஆட்டுக்கொட்டகை நின்ற இடம் தெரியாமல் உள்ளே போயிற்று, அடியில் கம்பெனிக்காரன் குடைந்தது இருக்கிறதாம், நம் வீட்டுக்கு அடியில் இல்லை என்று யார் கண்டது. காட்டாமல் விட்டு நாளைக்கு இவள் விளையாடப் போன இடத்தில் மண் வாயைத் திறந்தால்? அப்போது ஊர் முழுக்க என்னைத்தான் பார்க்கும். பார்க்கட்டும். பார்க்கட்டும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள், பலாக்கொட்டை ஒன்று கையிலிருந்து தெறித்து உருண்டது. கல் இடிக்கும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது? கொல்லையில் மண்வெட்டியைச் சாத்தும் சத்தம், போஸ் கால் கழுவுகிறான். பாப்பா சரியாக அந்த நேரம் பார்த்துக் கண்ணை விழித்து, தூளிக்குள்ளிருந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. ஜெசிந்தா அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

செல்லாயி முதலில் வந்தாள், மழைக்குத் தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு. "என்ன டவுன்காரி, புள்ளைக்குச் சட்டகூட மாத்தல? பொன்னு கோவிச்சுக்கும்டி." பின்னாலேயே சங்கிலியண்ணன். அவர் இல்லாமல் முகங்காட்டு இல்லை, அவர்தான் மண் தொடாததற்குச் சாட்சி. "ஏம் மூஞ்சியப் பாத்தாப் புள்ள பயந்துரும், நா ஓரமாவே குந்திக்கிறேன்" என்று சுவரோரம் உட்கார்ந்தார். ராக்காயி அரை டம்ளர் காப்பி கொண்டுவந்து அவர் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்தாள். கதவு சாத்தப்பட்டது, காற்றுப் பட்டால் பொன் சிதறுமாம். போஸ் ஊதுகுழலால் ஊதினான், கரி சிவந்தது. சிரட்டையிலிருந்து உருண்டை கரண்டிக்கு மாறியது. ராக்காயி புதுச்சேலை கட்டியிருந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. முந்தானையில் கையைத் துடைத்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"புள்ளையக் குடு."

ஜெசிந்தா நினைத்துவைத்திருந்த காரணம் எதுவும் வாய்க்கு வரவில்லை. சிஸ்டர் பெனிட்டா வரவில்லை, ஆவி வரவில்லை, விஷம் வரவில்லை.

"மாட்டேன் அத்தை."

அத்தை சேர்ந்துகொண்டது. ஆனால் கெஞ்சுவது மாதிரி இல்லை.

செல்லாயிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அய்ய, இதத்தான் சொல்லிக்குடுத்தாளுகளா கான்வென்டுல?"

"இல்லக்கா. அங்க எஸ் சிஸ்டர் சொல்லத்தான் சொல்லிக்குடுத்தாங்க. இது நானா கத்துக்கிட்டது."

"கரண்டி சுடுதும்மா" என்றான் போஸ் யாரையும் பார்க்காமல்.

ராக்காயி நீட்டிய கையை மடக்கவில்லை. குரல் மட்டும் இறங்கியது. "எம் மூத்தவனுக்குக் காட்டலடி. காட்டாதவன மண்ணு எடுத்துக்கிருச்சு. பெத்தவளுக்குத்தான் தெரியும் அது. குடு."

"நானும் பெத்தவதான் அத்தை. அவருக்கு மேல முட்டுக்கட்ட குடுக்காம ஈர மண்ணுல வெட்ட விட்டாங்க. காட்டியிருந்தாலும் விழுந்திருக்கும்." சொல்லிவிட்டாள். இந்த வீட்டில் யாரும் சொல்லாதது. அறை விழும் என்று கன்னம் தானாக இறுகியது. விழவில்லை. மூலையில் சங்கிலியின் டம்ளர் மட்டும் தரையில் கடகடவென்றது. "சங்கிலியண்ணனப் பாருங்க. மண்ணு தொடல, சரி. அந்தக் கையத் தொட்டது யாரு? குளிரா? எத்தன வருசமா ஒரே குளிரு?"

சங்கிலி தன் கைகளைப் பார்த்தார், வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல. டம்ளரை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் கொடுத்துக்கொண்டார். அதற்குள் ஜெசிந்தா கொண்டியைத் தள்ளிக் கதவைத் திறந்திருந்தாள். மழைக்காற்று உள்ளே பாய்ந்து கரியைச் சீறவைத்தது, பின்னால் செல்லாயி ஏதோ கத்தினாள், பிள்ளையின் தலையை முந்தானையால் மூடி, முகத்தைத் தன் கழுத்துக்குள் அழுத்திக்கொண்டு அவள் முற்றம் தாண்டி, வாழை தாண்டி, இஞ்சிப்பாத்திக்குள் இறங்கி நடந்தாள். சேறு கணுக்காலைப் பிடித்தது. வடிகாலில் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடியது, இதற்கு அடியில்தான் எங்கேயோ அந்தப் பொந்துகள், வௌவால், காய்ச்சலில் செத்த வெள்ளைக்காரன், கதிரேசன், ஆட்டுக்கொட்டகை. "ஜெசி!" போஸின் குரல், உடைந்த குரல், "திரும்பப் போகுது ஜெசி, வா, ஒரு நிமிசம்!" அவள் கால் நின்றது. நின்ற கால் பயத்தில் நின்றதா என்று அவளுக்கே தெரியவில்லை. இப்போது உள்ளே வெள்ளை மங்கும், சாம்பலாகும், அப்புறம் அந்த விளக்கு. எவ்வளவு அழகு. ஒருமுறை திரும்பிவிட்டால் திரும்பியதுதான், பருவத்துக்கு முதல் பொன் ஒன்றே ஒன்று. திரும்பட்டும். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு வலது காலைத் தூக்கிச் சேற்றில் ஓங்கி மிதித்தாள். தொடு பார்ப்போம். இதோ நிற்கிறேன், பிள்ளையும் இருக்கிறாள், முகம் காட்டாத பிள்ளை. தொடு. திரும்பவும் மிதித்தாள். இஞ்சித் தாள் ஒன்று நசுங்கி அதன் காரமான வாசனை மூக்கில் ஏறியது. வாசனை இருந்தது, தட்டிவிட்டு வருகிற வாசனை, அதுவே போதும். மண் சும்மா இருந்தது. நாளைக்குச் சும்மா இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, இன்றைக்கு இருந்தது. வீட்டுக்குள் எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் அடங்கிற்று. முடிந்துவிட்டது. யாரும் பார்க்காமல் பொன் திரும்பிவிட்டது.

அப்போதுதான் கூப்பிட்டாள். குழிக்குள்ளேயிருந்து கயிற்றைப் பிடித்து ஏறி வரும்போது முதலில் முகத்தில் விழுவது அதுதான், அதைவிட நல்ல பேர் எனக்குத் தெரியல என்று போஸ் காதில் சொன்ன பேரை, முழுத் தொண்டையில், மழைக்குள், ஊருக்கே கேட்கும்படி. "இளவெயில்!" பாப்பா கழுத்திலிருந்து முகத்தைத் தூக்கிப் பார்த்தது. "இளவெயிலு! ஏ இளவெயிலு!" புருவத்தில் ஒரு மழைத்துளி விழ, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சிரித்தது.

"தல நனையுதுடி பாவி!" வாசலில் ராக்காயி மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள். "பேரு வைக்கிற லட்சணத்தப் பாரு, சளி பிடிச்சா எவ பாக்கறது?" செல்லாயியின் தலைச்சாக்கைப் பிடுங்கி போஸின் மேல் வீசினாள்.

போஸ் சாக்கோடு பாத்தி மேல் வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் சாக்கைப் பிள்ளையின் தலைக்கு மேல் இடது கையால் பிடித்தான். வலது கையை மெல்ல நீட்டி விரித்தான். உள்ளங்கைக் குழியில் சுண்டைக்காயைவிடச் சின்னதாய் மஞ்சள் மணி, இன்னும் சூடு ஆறாமல், ஒரு நிலையில் நிற்காமல் இங்கும் அங்கும் உருண்டுகொண்டிருந்தது. கை நடுங்கிற்று. அவன் அதைப் பார்த்தான். இந்தத் தடவை லுங்கிக்குள் ஒளிக்கவில்லை. "இப்பவாவது காட்டட்டுமா?" என்றான், மகளை நோக்கிக் கையை நகர்த்தி. இளவெயில் பளபளப்பைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டித் தாவினாள்.

ஜெசிந்தா அந்தக் குட்டி விரல்களைத் தன் கைக்குள் பிடித்து மூடிக்கொண்டாள்.

"முதல்ல கையக் கழுவிட்டு வாங்க."

அவன் நகரவில்லை. மழை அவன் உள்ளங்கையில் நிரம்பி, மணியைச் சுற்றி ஒரு சின்னக் குளம் கட்டிற்று.

"சோப்புப் போட்டு" என்றாள்.